எலி வரும் வழி: வாசகர் கேள்விகளும் விடைகளும்

மழைக்காலம் தொடங்கியதும் வளைகளுக்குள் நீர் புகுந்துவிடுவதால், எலிகள் மேட்டையும் வீட்டையும் தேடி வருகின்றன. எலித் தொல்லை பற்றிய கடிதங்களும் அப்போதுதான் மிகுதியாக வந்து சேர்கின்றன. ஒரே கருத்துடைய கடிதங்களைச் சேர்த்து, இந்த இதழில் ஆறு கேள்விகளாக விடையளிக்கிறோம்.

கேள்வி: எங்களுடையது நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு. இரவு முழுவதும் பரணில் எலிகள் ஓடும் சத்தம் கேட்கிறது. கூண்டில் மசால் வடை வைத்தோம். முதல் நாள் ஒன்று விழுந்தது. அதற்குப் பிறகு வடைதான் காய்ந்து போகிறதே ஒழிய எலி விழுவதில்லை. எலிக்கு அத்தனை புத்தியா, ஐயா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: புத்தி என்பதைவிட அச்சம் என்பதே பொருந்தும். தான் நாள்தோறும் ஓடும் பாதையில் புதிதாக ஒரு பொருள் முளைத்திருந்தால், எலி சில நாட்களுக்கு அதை நெருங்காமல் ஒதுங்கியே போகும். புதிய உணவையும் முதலில் சிறிதளவே கொறித்துப் பார்க்கும். எலியால் வாந்தி எடுக்க முடியாது என்பதால், தின்றபின் வருந்துவதற்கு அதற்கு வாய்ப்பில்லை. முன்கூட்டியே சந்தேகப்படுவதுதான் அதன் பாதுகாப்பு. முதல் நாள் உங்கள் கூண்டில் விழுந்தது பெரும்பாலும் அனுபவமில்லாத இளம் எலியாக இருந்திருக்கும். சுண்டெலிக்கு இந்த அச்சம் குறைவு. அது புதுப் பொருளை ஆராயவே வரும்.

ஆகவே கூண்டை வைத்தவுடன் கதவைத் தூக்கி மாட்டிவிடாதீர்கள். கதவு விழாதபடி கம்பியால் கட்டிவிட்டு, நான்கைந்து நாட்களுக்குத் தேங்காய்க் கீற்று, வறுத்த நிலக்கடலை, கருவாட்டுத் துண்டு போன்ற ஏதேனும் ஒன்றை உள்ளே வைத்து, எலி தாராளமாகத் தின்றுவிட்டுப் போகும்படி விடுங்கள். இரை காலையில் தொடர்ந்து காணாமற்போகிறது என்று உறுதியான பிறகு கட்டை அவிழ்த்துப் பொறியை இயங்க விடலாம். அறையின் நடுவில் கூண்டு வைப்பது வீண். எலி சுவரையோ உத்தரத்தையோ உரசியபடியேதான் ஓடும். அது ஓடிய தடத்தில் உடலின் எண்ணெய்ப் பசை படிந்து, கறுத்த கோடு போன்ற அழுக்கு தெரியும். அதுவும் தெரியாவிட்டால், இரவில் படுக்கப்போகுமுன் சுவரோரத்தில் இரண்டு மூன்று இடங்களில் மைதா மாவை மெல்லிய படலமாகத் தூவி வையுங்கள். காலையில் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால், காலடித் தடங்களும் நடுவே வால் இழுபட்ட கோடும் எந்தத் திசையில் போகின்றன என்பது தெளிவாகத் தெரியும். பொறி வைக்க வேண்டிய இடம் அதுதான். அடித்துக் கொல்லும் பலகைப் பொறியானால், இரை வைக்கும் முனை சுவரைத் தொடும்படி குறுக்காக வையுங்கள். ஒன்றுக்கு மூன்றாக வைப்பது நல்லது.

ஆனால் பொறி என்பது இரண்டாவது வேலை. பெண் எலி ஏறத்தாழ மூன்று வாரம் சினையாயிருந்து, ஓர் ஈற்றில் ஆறு முதல் பத்துக் குட்டிகள் வரை போடும். அந்தக் குட்டிகள் சுமார் மூன்று மாதத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். வழி திறந்திருக்கும் வரையில், நீங்கள் பிடிக்கும் ஒவ்வொன்றின் இடத்துக்கும் வெளியிலிருந்து மற்றொன்று வரும். சுண்டெலி ஒரு பென்சில் நுழையும் 6 மில்லிமீட்டர் சந்தில் புகுந்துவிடும். எலிக்குஞ்சுக்கு 12 மில்லிமீட்டர் போதும். பகலில் விளக்கை அணைத்துவிட்டு, அறைக்குள் நின்று கதவின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் கீற்றாக விழுகிறதோ அங்கெல்லாம் தகரப் பட்டை அடிக்க வேண்டும். குழாயும் மின்கம்பியும் சுவரைத் துளைத்து வரும் இடங்களில் எஃகு நாரைத் திணித்து, அதன்மேல் சிமென்ட் பூசுங்கள். துணி, மரத்தூள், பஞ்சு ஆகியவற்றை எலி ஓர் இரவில் குடைந்துவிடும். சிமென்டில் கண்ணாடிச் சில்லுகளைக் கலந்து வளையை அடைப்பது நம் கொத்தனார்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை. அது நன்றாகவே உழைக்கும். ஓட்டு வீட்டில், சுவரும் கூரையும் சேரும் இடைவெளியே பெருவழி. 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலையை அங்கே ஆணியடித்துப் பொருத்துங்கள். கூரையைத் தொடும் முருங்கைக் கிளையோ மாங்கிளையோ இருந்தால், கூரையிலிருந்து நன்கு விலகும்படி வெட்டிவிடுங்கள்.

கூண்டில் சிக்கியதை ஊர்க்கோடியில் கொண்டுபோய் விடுவதைப் பலரும் புண்ணியமாகக் கருதுகிறார்கள். பழகாத இடத்தில் விடப்பட்ட எலி பெரும்பாலும் இறந்துபோகும். பிழைத்தால் இன்னொருவர் வீட்டுக்குள் போகும். இதில் புண்ணியம் எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. எலி மருந்து வைக்கலாமா? பேஸ்ட், கேக், தூள் என்று பலவிதமாகச் சொல்கிறார்களே, எது பாதுகாப்பானது?
(வாசகர், சென்னை)

பதில்: உங்கள் வீட்டில் எதையும் வைக்காதீர்கள் என்பதே என் விடை. இருந்தாலும் வேறுபாடுகளை அறிந்திருப்பது அவசியம்.

பேஸ்ட் என்ற பெயரில் குழாயில் அடைத்து விற்கப்பட்டது மஞ்சள் பாஸ்பரஸ். 3 விழுக்காடு மஞ்சள் பாஸ்பரஸ் கொண்ட பேஸ்ட்டைத் தமிழ்நாடு அரசு தடை செய்துவிட்டது. ஆயினும், பழைய இருப்பை இப்போதும் வீட்டு அலமாரியில் வைத்திருப்பவர்கள் உண்டு. இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. அதைவிடக் கொடியது அதன் போக்கு. உட்கொண்டவருக்கு முதலில் வாந்தியும் வயிற்று வலியும் வந்து, பிறகு ஓரிரு நாட்கள் எல்லாம் சரியாகிவிட்டது போன்ற தோற்றம் ஏற்படும். குடும்பத்தினர் நிம்மதியடைந்து வீட்டுக்கு அழைத்துவந்துவிடுவார்கள்; அதன் பிறகுதான் கல்லீரல் செயலிழக்கத் தொடங்கும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் எலி மருந்தால் நேரும் கல்லீரல் பாதிப்பையும், அதற்கு அளிக்கப்படும் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையையும் பற்றித் தொடர்ந்து ஆய்வு செய்துள்ளனர். எவரேனும் சிறிதளவு உட்கொண்டதாகச் சந்தேகம் எழுந்தாலும், அறிகுறிக்காகக் காத்திராமல், மருந்தின் உறையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தூளாகவும் மாத்திரையாகவும் கிடைப்பவை பெரும்பாலும் பாஸ்பைடு வகையைச் சேர்ந்தவை. துத்தநாக பாஸ்பைடு எலியின் வயிற்றிலுள்ள அமிலத்தோடு சேரும்போது பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவை வெளியிடுகிறது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைக்குக் காற்றிலுள்ள ஈரமே போதும். கிடங்குகளில் பயிற்சி பெற்றவர்கள் புகைமூட்டத்துக்குப் பயன்படுத்தும் அந்த மாத்திரையைப் பொதுமக்களுக்கு விற்பதே சட்டப்படி கூடாது. 2024 நவம்பரில், சென்னையை அடுத்த குன்றத்தூரில், பூச்சிக் கட்டுப்பாட்டு ஊழியர் வீட்டுக்குள் எலி மருந்து வைத்துச் சென்ற பின் குளிர்சாதனத்தை இயக்கி உறங்கிய குடும்பத்தில் இரண்டு சிறு குழந்தைகள் உயிரிழந்ததை நீங்களும் படித்திருப்பீர்கள். ஆள் வைத்து மருந்து போடுவதாக இருந்தால், எந்த மருந்து என்பதை எழுத்து வடிவில் கேட்டு வாங்குங்கள். வாயு வெளியிடும் எதையும், ஆட்கள் உறங்கும் வீட்டுக்குள் வைக்க இசையாதீர்கள்.

கேக் வடிவில் வருவது பெரும்பாலும் 0.005 விழுக்காடு புரோமடியோலோன். இது இரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாட்கள் கழித்து எலியைக் கொல்லும். இதற்கு வைட்டமின் கே1 மாற்று மருந்தாக இருப்பதால் மூன்றிலும் இதுவே குறைந்த ஆபத்துடையது. எனினும் நஞ்சு நஞ்சுதான். வண்ணக் கட்டியாக இருப்பதால் குழந்தை அதை மிட்டாய் என்று எடுத்துவிடக் கூடும். மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் பூனையும் ஆந்தையும் பாதிக்கப்படும். மருந்து தின்ற எலி வெளியே ஓடிப்போய்ச் சாகும் என்று கடைக்காரர் சொல்வதையும் நம்பாதீர்கள். அது பொய்க்கூரைக்கு மேலேயோ பீரோவுக்குப் பின்னாலேயோ செத்துக் கிடந்து நாறும்போது, எடுப்பதற்கு வழியிராது. அடுக்குமாடியைப் பொறுத்தவரை, குழாய்கள் மேலேறும் சந்துக்கும் குப்பை சேரும் இடத்துக்கும் சங்கத்தின் மூலம் வலையும் மூடியும் போடாமல், தனி ஒரு வீட்டுக்காரர் செய்வதால் பெரும்பயன் விளையாது.

கேள்வி: பசை அட்டை, மின்செருகியில் மாட்டும் ஒலிக் கருவி இவற்றால் பயன் உண்டா?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: ஒலிக் கருவிக்குப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். எலிகள் அந்த ஓசைக்கு விரைவில் பழகிவிடுகின்றன. மேலும், ஓசை சுவரையும் பீரோவையும் தாண்டாது. பசை அட்டையில் எலி ஒட்டும் என்பது உண்மையே. ஆனால் அது பசியாலும் களைப்பாலும் மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில் துடித்துச் சாகிறது. பல்லியும் அணில் குஞ்சும் குருவியும்கூட அதில் ஒட்டிக்கொள்ளும். இந்திய விலங்குகள் நல வாரியம் இந்த அட்டைகளுக்கு எதிராக மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. நொடியில் கொல்லும் பலகைப் பொறி இருக்கும்போது இந்தக் கொடுமைக்கு அவசியமே இல்லை.

கேள்வி: நீண்ட மூக்குடன், கீச்கீச்சென்று கத்தியபடி சமையலறைச் சுவரோரமாக ஓடும் பிராணியும் எலிதானா? கடுமையான நாற்றம் வருகிறது.
(வாசகி, காரைக்குடி)

பதில்: அது மூஞ்சூறு. எலியினத்தைச் சேர்ந்ததன்று, கம்பியைக் கடிக்காது, அரிசி மூட்டையைக் குடையாது. கரப்பானும் பூச்சியும் புழுவுமே அதன் இரை. நாற்றம் அதன் உடலிலுள்ள சுரப்பியிலிருந்து வருவது. கரப்பானை ஒழித்து, கழிவுநீர் வெளியேறும் துளைக்கு வலை போட்டால் அது தானாகவே வருவதை நிறுத்திவிடும். பிள்ளையாரின் வாகனம் என்ற மதிப்பில் அதை விட்டுவைப்பவர்கள், காரணம் எதுவானாலும், சரியாகவே செய்கிறார்கள்.

கேள்வி: அரிசி டிரம்மைச் சுற்றி எலிப்புழுக்கை கிடக்கிறது. பெருக்கித் தள்ளினால் போதுமா? எலிக்காய்ச்சல் இப்படித்தான் வருமா?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: உலர்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது, தூசியோடு கிருமியும் மூச்சில் ஏறும். கையுறை அணிந்து, சன்னலைத் திறந்து வைத்து, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து அந்த இடத்தை நன்றாக நனைத்து, ஐந்து நிமிடம் ஊறிய பிறகு காகிதத்தாலோ பழந்துணியாலோ துடைத்து எடுத்து, உறையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். எலி வாய்வைத்த, புழுக்கை விழுந்த அரிசியைப் புடைத்துச் சமைக்கும் சிக்கனம் வேண்டாம்.

எலிக்காய்ச்சலுக்குக் காரணம் லெப்டோஸ்பைரா என்னும் பாக்டீரியா. அது எலியின் சிறுநீர் வழியாகவும், வேறு சில விலங்குகளின் சிறுநீர் வழியாகவும் வெளியேறி, ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் உயிரோடு இருக்கும். காலில் உள்ள புண், வெடிப்பு, கண், வாய் ஆகியவற்றின் வழியே உடலுக்குள் புகும். ஆகவே டிரம்மைவிட, மழைக்காலத்தில் தேங்கும் நீரில் வெறுங்காலோடு நடப்பதுதான் பெரிய வழி. உங்கள் மாவட்டத்தில் வயலிலும் வாய்க்காலிலும் இறங்கி வேலை செய்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். கடுங்காய்ச்சலோடு கெண்டைக்கால் தசையில் தாங்கமுடியாத வலியும் கண் சிவப்பும் இருந்தால், நீரில் இறங்கியதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் டாக்சிசைக்ளின் போன்ற எளிய மருந்துகளிலேயே குணமாகும். காலந்தாழ்ந்தால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும்.

கேள்வி: வீட்டைச் சுற்றி இருபது தென்னை நிற்கின்றன. இளங்காய்கள் காம்புப் பக்கம் ஓட்டையாகி உதிர்கின்றன. தரையில் பெருச்சாளி வளைகளும் உண்டு. இரண்டும் ஒரே பிராணியின் வேலையா?
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: அல்ல. மரத்தில் காயைக் குடைவது மரமேறும் கறுப்பு எலி. அது கொண்டையிலேயே கூடு கட்டிக் குடியிருக்கும். தரையிலிருந்து சுமார் 2 மீட்டர் உயரத்தில், தண்டைச் சுற்றி 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு வழவழப்பான தகரத்தை இறுக்கிக் கட்டினால், கீழிருந்து ஏறுவது நிற்கும். அதற்குமுன் கொண்டையைச் சுத்தம் செய்து, உள்ளே குடியிருப்பவற்றை வெளியேற்ற வேண்டும்; இல்லையேல் அவற்றை மேலேயே சிறைவைத்ததாகிவிடும். பக்கத்து மரத்தின் மட்டைகள் ஒன்றோடொன்று உரசும்படி நெருங்கி நின்றால், ஒரு மரத்துக்கு மட்டும் தகரம் கட்டிப் பயனில்லை. மட்டைகள் தொட்டுக்கொள்ளும் மரங்கள் அனைத்துக்கும் சேர்த்துக் கட்டுங்கள்.

பெருச்சாளி வேறு வகை. வளை வாயிலில் புதுமண்ணைக் குவியலாகத் தள்ளியிருப்பதே அதன் அடையாளம். மாலையில் எல்லா வாய்களையும் மண்ணால் மூடிவிட்டு, மறுநாள் காலையில் திறந்திருப்பவற்றை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். அவையே குடியுள்ள வளைகள். உங்கள் பகுதியில் இருளர்கள் இருந்தால், பானையில் புகை மூட்டி வளைக்குள் ஊதி எலி பிடிப்பதில் தேர்ந்த அவர்களைக் கூலி கொடுத்து அழைப்பது எந்த மருந்தையும்விடச் சிறந்தது. வளைகளை வெட்டித் திறந்தபின் மண்ணைக் கெட்டித்து மூடுங்கள். சுவரை ஒட்டிய வளையாக இருந்தால், அடித்தளத்துக்கு அடியில் எவ்வளவு தூரம் குடைந்திருக்கிறது என்பதைக் கொத்தனாரை வைத்துப் பார்த்த பிறகே மூடவும். தோப்பின் பழைய கிணற்றுப் பொந்திலோ ஆளில்லாக் கொட்டகையிலோ கூகை தங்கியிருந்தால் விரட்டாதீர்கள். அதன் முதன்மை உணவே எலிதான். கூகை நடமாடும் தோப்பில் மருந்துக் கேக் வைப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.