சொங்க்ரான் கேள்வி பதில்: தாய்லாந்துப் புத்தாண்டைப் பற்றிக் கேளுங்கள்

கேள்வி: ஏப்ரல் 13 என்றால் நம் சித்திரை ஒன்றை ஒட்டித்தானே வருகிறது, இரண்டும் ஒன்றா அண்ணா?

வேர் ஒன்றுதான் தம்பி, சூரியன் மேஷத்துக்குள் நுழைவதை வைத்து வந்த பண்டிகைகள். ஆனால் அங்கே இப்போது தேதியை ஏப்ரல் 13 முதல் 15 வரை என்று நிலையாக வைத்துவிட்டார்கள். இன்னொன்று, அரசுக் கணக்கில் 1941 முதல் ஜனவரி 1 தான் ஆண்டுப் பிறப்பு, அதற்கு முன் 1889 முதல் ஏப்ரல் 1. சொங்க்ரான் மரபுப் புத்தாண்டாக நிற்கிறது.

கேள்வி: டிவியில் பார்த்தால் மூன்று நாளும் துப்பாக்கியில் தண்ணீர் அடிக்கிறார்கள். அவ்வளவுதானா?

கேமராவுக்கு அதுதானே பிடிக்கும்! வீட்டுக்குள் நடப்பது வேறு. பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்து கைகளைக் குவித்து நீட்டுவார்கள், பிள்ளைகள் மண்டியிட்டு, மல்லிகையும் ரோஜா இதழும் மிதக்கும் வாசனை நீரைச் சின்னக் கிண்ணத்தால் மெதுவாக அந்தக் கைகளில் ஊற்றி, வருடம் முழுக்கச் செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்பார்கள், அவர்கள் ஈரக் கையாலேயே வாழ்த்துவார்கள். வடக்கே சியாங் மாய் பக்கம் அந்த நீரில் மஞ்சளும், சுட்ட சீயக்காயும் போடுவார்கள், ஆமாம், நம்ம சீயக்காயேதான். வீட்டுப் புத்தர் சிலைக்கும் இதே நீராட்டு. ஏப்ரல் 13 அங்கே முதியோர் தினமும்கூட. என்னைக் கேட்டால் பண்டிகையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, தெருவில் நடப்பது ஏப்ரல் வெயிலுக்கு வந்த கொண்டாட்டம்.

கேள்வி: கோயில் முற்றத்தில் மணல் கோபுரம் கட்டுவது எதற்கு?

வருடம் முழுக்கக் கோயிலுக்கு வந்து போகிறவர்கள் காலில் ஒட்டிக்கொண்டு மண் வெளியே போய்விடுகிறதாம், அதைத் திருப்பித் தருகிறார்கள். கோபுரத்தில் கொடிகளும் பூக்களும் செருகி வைப்பார்கள். பிறகு அந்த மணல் கோயில் வேலைக்கே பயன்படும்.

கேள்வி: ஊர்வலத்தில் ராணி மாதிரி வரும் பெண் யார்?

நாங் சொங்க்ரான், அதாவது சொங்க்ரான் தேவதை. அதற்கு ஒரு புராணக் கதை உண்டு. கபில பிரம்மா என்ற தெய்வம் ஓர் இளைஞனிடம், மனிதனின் சிறப்பு காலையில், நண்பகலில், மாலையில் எங்கே இருக்கும் என்று கேட்டுத் தலையைப் பந்தயம் வைத்தார். அவன் கழுகுகள் பேசியதைக் கேட்டுவிட்டு முகம், மார்பு, பாதம் என்று சொல்லிவிட்டான். தோற்ற பிரம்மா தன் தலையைக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தத் தலை தரையில் விழுந்தால் உலகமே எரியும், கடலில் விழுந்தால் கடல் வற்றும், அதனால் அவருடைய ஏழு மகள்களும் ஆண்டுக்கு ஒருத்தியாகத் தலையை ஏந்தி மேருவைச் சுற்றுகிறார்கள். மரபுக் கணக்கில் சொங்க்ரான் நாள் எந்தக் கிழமையோ அந்தக் கிழமைக்குரிய மகளுக்குத்தான் அந்த ஆண்டு முறை.

கேள்வி: சாப்பாட்டில் என்ன விசேஷம்?

காவ் சே. மல்லிகை வாசனையேற்றிய குளிர்ந்த நீரில் சோறு, பக்கத்தில் தொட்டுக்கொள்ள இறால் விழுது உருண்டை மாதிரி ஐட்டங்கள். பர்மாவிலும் தாய்லாந்திலும் வாழும் மோன் என்ற இன மக்களிடமிருந்து வந்தது.

கேள்வி: குடும்பத்தோடு போகலாம் என்று இருக்கிறோம். எங்கே போகலாம் சார்?

ஆட்டம் பாட்டம் வேண்டுமென்றால் பாங்காக்கில் சிலோம், காவ்சான் தெரு, இல்லையென்றால் சியாங் மாய் அகழி ஓரம். கைக்குழந்தை இருந்தால் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள், காலையில் கோயில் பக்கம் போங்கள். துறவிகள் மேலும் வயதானவர்கள் மேலும் தண்ணீர் அடிக்கக் கூடாது. போனை நீர் புகாத பையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள். அப்புறம் முக்கியமாக, அந்த வாரம் வாடகை பைக் வேண்டவே வேண்டாம், குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களால் வருடா வருடம் நிறையப் பேர் சாகிறார்கள். தேதி தவறிவிட்டால் பாங்காக்கை ஒட்டிய பிரா பிரதேங்கில் மோன் மக்கள் ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துக் கொண்டாடுகிறார்கள், அங்கே போய்ப் பாருங்கள்.