வீட்டு விலை இறங்கும் காலத்தில் விற்பதா, இருப்பதா? ஏஜாக்ஸ் வாசகி ஒருவருக்குப் பதில்

கேள்வி: நாங்கள் 2022 பெப்ரவரியில் ரொறன்ரோவுக்கு அருகே ஏஜாக்ஸில் 12 இலட்சத்து 20 ஆயிரம் டொலருக்கு ஒரு தனிவீடு வாங்கினோம். 20 வீதம் முற்பணம் போக, மிகுதி 9 இலட்சத்து 76 ஆயிரத்துக்கு ஐந்து வருட நிலையான வட்டியில், 2.8 வீதத்துக்கு, வங்கியில் மோட்கேஜ் எடுத்தோம். மொத்தமாக 30 வருடத்தில் கட்டி முடிக்க வேண்டும். மாதம் ஏறக்குறைய 4,000 டொலர் கட்டி வருகிறோம். இப்போது எங்கள் தெருவில் எங்களுடையதைப் போன்ற வீடு ஒன்பதரை இலட்சத்துக்கு விலைப்பட்டிருக்கிறது. அடுத்த பெப்ரவரியில் மோட்கேஜைப் புதுப்பிக்க வேண்டும். விலை இன்னும் இறங்கும், இப்போதே விற்றுவிட்டு வாடகைக்குப் போங்கள், அடிமட்டத்துக்கு வந்ததும் திரும்ப வாங்கலாம் என்று எங்களுக்கு வீடு வாங்கித் தந்த முகவர் சொல்லி, விற்பனை ஒப்பந்தத்தையும் தந்துவிட்டுப் போயிருக்கிறார். கடன் வீட்டின் பெறுமதியை எட்டிவிட்டதால் வங்கி புதுப்பிக்காது என்று கணவரின் அண்ணா பயமுறுத்துகிறார். இருவருக்கும் வேலை இருக்கிறது. பேஸ்மென்ற் இப்போது வெறுமையாக உள்ளது. என்ன செய்வது?

பதில்: உங்கள் இருவருக்கும் வேலை இருக்கும் வரையில், விலை இறங்கிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக இந்த வீட்டை விற்க வேண்டாம். நீங்கள் கேட்டது விலையைப் பற்றி. ஆனால் உங்கள் முடிவு தங்கியிருப்பது அடுத்த பெப்ரவரிக்குப் பின் மாதந்தோறும் எவ்வளவு கட்ட முடியும் என்பதில்தான். ரொறன்ரோப் பெரும்பாகத்தின் சராசரி வீட்டு விலை 2022 பெப்ரவரியில் 13 இலட்சத்து 30 ஆயிரம் டொலரைத் தாண்டியிருந்தது. 2025 இலையுதிர் காலத்தில் அது பத்தரை இலட்சத்தை ஒட்டி நின்றது. நீங்கள் வாங்கியது உச்சியில். அதை எவராலும் திருத்த முடியாது. இனி அது எங்கே போகும் என்று உறுதியாகச் சொல்பவர் எவராயினும், அவர் உங்களிடம் எதையோ விற்க வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இன்று விற்றால் கையில் என்ன மிஞ்சும் என்று பார்ப்போம். நான்கு வருடம் கட்டிய பின் உங்கள் கடனில் ஏறக்குறைய 8 இலட்சத்து 88 ஆயிரம் மீதி இருக்க வேண்டும். வீடு ஒன்பதரை இலட்சத்துக்குப் போகிறது என்றே வைத்துக்கொள்வோம். இரு பக்க முகவர்களுக்கும் சேர்த்து வழக்கமாகக் கேட்கப்படும் 5 வீதம் 47,500 டொலர். அதன்மேல் 13 வீத எச்.எஸ்.ரி. வரி 6,175 டொலர். ஐந்து வருடத் தவணை முடியுமுன் கடனை மூடுவதற்கான தண்டம், மூன்று மாத வட்டி என்ற கணக்கில், 6,200 டொலர் அளவில் வரும். இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 2,000 டொலரைச் சற்றுத் தாண்டும். அதுவும் சட்டத்தரணியின் கட்டணத்துக்குப் போய்விடும். அதாவது நீங்கள் முற்பணமாகப் போட்ட 2 இலட்சத்து 44 ஆயிரம் டொலரும், நான்கு வருடமாகக் குறைத்த முதலும் இல்லாமற்போய், வெறுங்கையுடன் வாடகை வீட்டுக்குப் போவீர்கள்.

பிறகு "அடிமட்டத்தில்" திரும்ப வாங்குவது எப்படி? 9 இலட்சம் டொலர் வீட்டுக்குக் காப்புறுதியுடன் (முற்பணம் 20 வீதத்துக்குக் குறைந்தால், கடன் கொடுப்பவரைப் பாதுகாக்க எடுக்க வேண்டியது) கடன் எடுப்பதற்கே குறைந்தது 65,000 டொலர் முற்பணம் வேண்டும். காப்புறுதிக் கட்டணம் தனி. ஒன்ராறியோ நில மாற்று வரி 14,475 டொலர், ரொறன்ரோ நகர எல்லைக்குள் வாங்கினால் நகரசபைக்கும் தனியாக ஒரு நில மாற்று வரி. வருமானச் சோதனையைப் புதிதாக எழுதி முடிக்க வேண்டும். இந்த யோசனையில் நிச்சயமாக வருமானம் பெறப்போகிறவர் முகவர் ஒருவரே: உங்கள் வீட்டை விற்கும்போது ஒரு தரகு, அடுத்ததை வாங்கும்போது இன்னொரு தரகு. உங்கள் முகவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் விற்காமல் இருந்தால் அவருக்கு எதுவும் கிடைக்காது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அவர் சொல்வதைக் கேளுங்கள்.

இருந்தால் என்ன நடக்கும்? அடுத்த பெப்ரவரியில் உங்கள் கடன் ஏறக்குறைய 8 இலட்சத்து 64 ஆயிரமாக இருக்கும். புதிய வட்டி 4.3 வீதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், மீதி 25 வருடத்துக்கு மாதம் 4,690 டொலர் அளவில் கட்ட வேண்டும். இப்போது கட்டுவதைவிட ஏறத்தாழ 690 டொலர் கூட. இது சிறிய தொகையன்று. ஆனால் 2022-இல் உங்கள் வங்கி உங்களைச் சோதித்தபோது 2.8 வீதத்தை வைத்துச் சோதிக்கவில்லை. அன்றைய விதிப்படி 5.25 வீத வட்டியில், அதாவது மாதம் 5,350 டொலர் அளவில் கட்டக்கூடியவர்களா என்று பார்த்துத்தான் கடன் தந்தது. அன்று காட்டிய வருமானம் உண்மையான வருமானமாக இருந்து, இன்றும் அது தொடர்ந்தால், 4,690 உங்களைக் கவிழ்க்காது. வேலைக் கடிதங்களை யாரோ ஒருவர் "செய்து கொடுத்து" கடன் எடுத்த குடும்பங்களுக்கு இந்த ஆறுதல் இல்லை. அப்படிச் செய்து கொடுத்தவர்கள் தரகை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், அந்தக் குடும்பங்கள் இன்று இரவுகளில் தூக்கமின்றி இருக்கின்றன.

ஆகவே இன்று முதல் ஒவ்வொரு மாதமும் அந்த 690 டொலரைத் தனிக் கணக்கு ஒன்றில் போடுங்கள். பெப்ரவரி வரை அதைத் தவறாமல் போட முடிந்தால் உங்களால் இந்த வீட்டில் இருக்க முடியும். மூன்றாம் மாதமே அதை எடுத்துச் செலவழிக்க நேர்ந்தால், அப்போது விற்பதைப் பற்றி மீண்டும் பேசலாம். எந்த நிபுணரின் எதிர்வுகூறலையும்விட இந்தச் சோதனை உங்களுக்கு உண்மையைச் சொல்லும்.

இப்போது உங்கள் கணவரின் அண்ணாவின் பயத்துக்கு வருவோம். இதில் பாதி தவறு. மறு பாதி அவரே அறியாமல் சரி. மாதக் கட்டணத்தைத் தவறாமல் கட்டி வந்த ஒருவருக்குத் தவணை முடியும்போது அதே வங்கி புதுப்பித்துக் கொடுப்பதே வழக்கம். சட்டப்படி அது கட்டாயமில்லை என்றாலும், பொதுவாக வருமானத்தையும் மறுபடி கேட்பதில்லை, வீட்டை மதிப்பிட ஆள் அனுப்புவதும் இல்லை. பெறுமதி குறைந்துவிட்டது, வித்தியாசத்தைக் கொண்டுவந்து கட்டுங்கள் என்று வங்கி கேட்கும் என்பது ஊரில் உலாவும் கதை.

சரியான பாதி எதுவென்றால், உங்களால் வேறு வங்கிக்குப் போக முடியாது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் வானொலி விளம்பரங்களிலும் முகநூலிலும் இதைத் தலைகீழாகச் சொல்லி வருகிறார்கள். 2024 நவம்பர் 21 முதல், காப்புறுதி இல்லாத மோட்கேஜை, கடன் தொகையையும் மீள்செலுத்தும் காலத்தையும் கூட்டாமல், தவணை முடியும்போது வேறு வங்கிக்கு மாற்றுபவர்கள், 2022-இல் உங்களுக்குச் செய்தது போன்ற கடுமையான வட்டிச் சோதனைக்கு உட்பட வேண்டியதில்லை என்று நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் கூட்டரசு அலுவலகம் தளர்த்தியது. நல்ல மாற்றம்தான். ஆனால் சோதனைதான் போயிற்றே தவிர, வீட்டின் பெறுமதியில் 80 வீதத்துக்கு மேல் காப்புறுதியின்றிக் கடன் கொடுக்கக் கூடாது என்று வங்கிகளுக்குள்ள தடை போகவில்லை. புதிய வங்கி உங்கள் வீட்டை இன்றைய விலைக்கு மதிப்பிடும். ஒன்பதரை இலட்சத்தின் 80 வீதம் 7 இலட்சத்து 60 ஆயிரம். உங்கள் கடனோ 8 இலட்சத்து 64 ஆயிரம். ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட அந்த இடைவெளியை நீங்கள் கையிலிருந்து கட்டினாலொழிய எந்த வங்கியும் உங்களை ஏற்காது. 2016-இல் வாங்கிய உங்கள் அயலவர் தாராளமாக மாறிப் போகலாம். அவருக்கு வட்டியும் குறைத்துக் கொடுப்பார்கள். உச்சியில் வாங்கி, மிகவும் நெருக்கடியில் இருக்கும் உங்களைப் போன்றவர்களுக்குத்தான் போட்டியின் பயன் கிடைக்காமற் போகிறது. இது தெரிந்தும் இன்றுவரை இதற்கு ஒரு வழி செய்யாமல் இருப்பது எனக்குக் கோபத்தையே தருகிறது.

நடைமுறையில் இதன் பொருள், உங்கள் சொந்த வங்கியுடன்தான் நீங்கள் பேசி முடிக்க வேண்டும் என்பது. தவணை முடிய 21 நாட்களுக்கு முன் கடிதம் அனுப்பினால் போதும் என்று விதி அனுமதிக்கிறது; அந்தக் கடிதத்துக்காகக் காத்திருக்காதீர்கள். ஒக்டோபரிலேயே வங்கிக்குப் போய், புதுப்பிக்கும் வட்டியை எழுத்தில் கேளுங்கள். முதலில் சொல்லும் வட்டி இறுதி வட்டியன்று. குறைக்கும்படி கேட்டால் பெரும்பாலும் கொஞ்சமாவது குறைப்பார்கள். 690 டொலர் தாங்காது என்று தெரிந்தால், மீள்செலுத்தும் காலத்தைத் தற்காலிகமாக நீட்டித் தரும்படி கேளுங்கள். கனடா நிதி நுகர்வோர் முகமை 2023 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டலின்படி, தாம் வாழும் வீட்டுக்குக் கட்ட முடியாமல் நெருக்கடியில் இருப்பவர்களுக்கு இவ்வாறான நிவாரணங்களை வங்கிகள் பரிசீலிக்க வேண்டும். மேலே சொன்ன அதே கடனை மீண்டும் 30 வருடத்துக்கு நீட்டினால் மாதக் கட்டணம் 4,260 டொலர் அளவுக்கு இறங்கும். மொத்த வட்டி கூடும் என்பது உண்மையே. ஆனாலும் வீடு போவதைவிட அது பரவாயில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: "நிவாரணம்" என்று கேளுங்கள், "ரீஃபைனான்ஸ்" (பழைய கடனை மூடிப் புதுக் கடன் எடுப்பது) என்று கேட்காதீர்கள். பின்னதைக் கேட்டால் மதிப்பீடு, 80 வீதம், வருமானச் சோதனை என்று அத்தனையும் திறந்துகொள்ளும்.

இந்த இடத்தில்தான் இடைத்தரகர்கள் வருவார்கள். வங்கி கைவிட்டாலும் நான் கைவிட மாட்டேன், தனியாரிடமிருந்து இரண்டாவது மோட்கேஜ் எடுத்துத் தருகிறேன் என்று, கோயில் வாசலிலும் கலியாண வீட்டிலும் உங்களுக்குத் தெரிந்த ஒருவராகவே வருவார். இந்தக் கடன்கள் பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு, வட்டி மட்டும் கட்டும் முறையில், வங்கி வட்டியின் இரண்டு மூன்று மடங்கில் இருக்கும். கடன் கொடுப்பவரின் கட்டணமும் தரகரின் கட்டணமும் முதலிலேயே கழிக்கப்படும். 80,000 என்று கையெழுத்திட்டவர் 74,000-ஐக் கையில் வாங்கி, வருட முடிவில் 80,000-ஐயும் கடனாக வைத்திருந்து, புதுப்பிப்பதற்கு மீண்டும் கட்டணம் கட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அளவுக்கு மீறிய வட்டியைச் சட்டம் தடுக்கும் என்று நம்பாதீர்கள். 2025 ஜனவரி முதல் குற்றமாகக் கருதப்படும் எல்லை வருடத்துக்கு 35 வீதம், அதற்குக் கீழே எல்லாம் சட்டபூர்வமே.

உங்கள் வீட்டில் ஈடு வைக்க இடமே இல்லாததால், உங்களிடம் வருபவர் வேறு ஒன்றைக் கேட்பார்: உங்கள் அப்பா அம்மாவுக்குக் கடன் முடிந்த வீடு இருந்தால் அதையும் சேர்த்து ஈடு வைக்கச் சொல்வார், அல்லது உங்கள் வீட்டைச் சிறிது காலம் தன் பெயருக்கு மாற்றித் தரச் சொல்வார். இரண்டுக்கும் மறுப்பே பதில். தமது மொழியில் எவரும் விளக்காத ஒரு கடதாசியில், மகளுக்கு உதவி என்று எண்ணிக் கையெழுத்திட்ட எழுபது வயதுத் தாய் ஒருவர், தனக்குச் சட்ட ஆலோசனை தரப்பட்டது என்ற படிவத்திலும் அதே பத்து நிமிடத்தில் ஒப்பமிட்டதை நான் அறிவேன். மோட்கேஜ் தரகர் எவராயினும் அவருடைய உரிமத்தை ஒன்ராறியோ நிதிச்சேவைகள் ஒழுங்குபடுத்தும் ஆணையத்தின் இணையத்தளத்தில் பெயரைக் கொடுத்துப் பார்த்துவிட்டே பேசுங்கள். உரிமம் இருப்பது நேர்மைக்குச் சான்றாகாது. இல்லாதிருப்பது கதவை மூடுவதற்குப் போதும்.

எப்போது விற்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒருவரின் வேலை போய், கையிருப்பு ஆறு மாதக் கட்டணத்துக்குப் போதாமல், வங்கியின் நிவாரணமும் கிடைக்காவிட்டால், ஒரு கட்டணம்கூடத் தவறுமுன் நீங்களே விற்றுவிடுங்கள். தவறிய பின் காத்திருப்பதுதான் பெரிய இழப்பு. ஒன்ராறியோவில் 15 நாள் நிலுவைக்குப் பின் வங்கி விற்பனை அறிவித்தல் அனுப்பலாம். வழக்கமாக அதிலிருந்து 35 நாள் அவகாசம். "பவர் ஒஃப் சேல்" என்ற அந்த வழியில் வீடு விற்கப்பட்டால், வங்கியின் சட்டச் செலவும் உங்கள் கணக்கில் ஏறும். விற்ற பணம் கடனுக்குப் போதாவிட்டால் மிகுதியையும் உங்களிடமே கேட்பார்கள். சாவியைக் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது என்ற எண்ணம் இங்கே செல்லாது. நட்டத்தை வரிக் கணக்கில் காட்டலாம் என்று எவராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள்: வாழும் வீட்டில் வரும் இலாபத்துக்கு வரி இல்லை, நட்டத்துக்குக் கழிவும் இல்லை.

பேஸ்மென்ற்றை வாடகைக்கு விடுவது நல்லதே, நகரசபை விதிப்படி அது அனுமதிக்கப்பட்டதாக இருந்தால். ஆனால் விற்கும் எண்ணம் இன்னும் முழுதாகப் போகாவிட்டால் பெப்ரவரி முடிவு தெரியும்வரை பொறுங்கள். வாடகைக்கு இருப்பவரை, வாங்குபவர் குடியேறப் போகிறார் என்று எழுப்புவதற்கு 60 நாள் அறிவித்தலும் ஒரு மாத வாடகை நட்டஈடும் வேண்டும். அவர் எழும்ப மறுத்தால் வாடகை நியாயசபையில் வரிசையில் நிற்க வேண்டியதுதான், அந்த வரிசையின் நீளத்தைப் பற்றி ஒன்ராறியோவில் எவருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக, உங்கள் மேசையில் கிடக்கும் அந்த ஒப்பந்தம். அதைக் கையெழுத்திடாமலே முகவரிடம் திருப்பிக் கொடுங்கள். பிற்காலத்தில் விற்க நேர்ந்தால், ஒப்பந்தக் காலத்தை மூன்று மாதத்துக்கு மேற்படாமல் எழுதுங்கள். "ஹோல்டோவர்" என்ற பிரிவில் எத்தனை நாள் என்று பாருங்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும், அந்த நாட்களுக்குள், முன்பு வீட்டைப் பார்த்துப் போன ஒருவர் வாங்கினால் பழைய முகவருக்கு அந்தப் பிரிவின்படி தரகு கொடுக்க வேண்டி வரும். தரகு வீதமும் பேசித் தீர்மானிக்கக்கூடியதே. 5 வீதம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அடுத்த வீட்டை வாங்குவதற்கான ஒப்பந்தத்தை, உங்கள் வீடு நிபந்தனையின்றி விலைப்படுமுன் எழுதாதீர்கள். விலை இறங்கும் சந்தையில் இரண்டு வீட்டுக்குக் கடன் கட்டிக்கொண்டு நின்றவர்கள் எல்லோரும் அந்த ஒரு கையெழுத்தில்தான் அகப்பட்டார்கள்.