கடைசியாக வருபவரின் காபி

அன்புள்ள அக்கா,

மேடவாக்கத்தில் இருக்கிறேன், வயது 41. சில மாதங்களாக ஒரு வார இறுதி சைக்கிள் குழுவில் ஓட்டி வருகிறேன். போன ஞாயிறு திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பினோம். போகும்போது எல்லோரோடும் சேர்ந்தே போனேன், எனக்கே ஆச்சரியம். திரும்பும்போது மாமல்லபுரத்தைத் தாண்டியதுமே குழு கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. நான் கோவளம் காபிக் கடைக்கு வந்து சேர்ந்தபோது எல்லோரும் குடித்து முடித்து, போட்டோவும் எடுத்து, ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தார்கள். "வந்துட்டீங்களா, சரி கிளம்பலாம்" என்றார் ரைடு லீடர். காபி குடிக்காமலே கிளம்பினேன். எனக்கும் பின்னால் ஒரு பெரியவர் வந்துகொண்டிருந்தார், அவர் எப்போது வந்தாரோ தெரியாது.

யாருக்கும் பாரமாக இருக்க எனக்கு விருப்பமில்லை. வாட்ஸாப் குரூப்பிலிருந்து விலகிவிட்டேன். என்னுடையது ஹைபிரிட், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிள். வேகத்துக்கென்றே செய்த ரோடு பைக் சைக்கிள் வாங்கினால் அவர்களுக்கு ஈடுகொடுக்க முடியுமா? இல்லை, பேசாமல் தனியாகவே ஓட்டலாமா? சைக்கிளுக்கென்று விற்கும் இறுக்கமான உடை அவசியமா? கூச்சமாக இருக்கிறது.

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் ஒரு தோழியிடம் கிட்டத்தட்ட இதே விஷயத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவளும் ஒரு குழுவில் ஓட்டுகிறாள், முன்னால் போகிறவர்களில் ஒருத்தி. அவளிடம் பாதி சொல்லி நிறுத்தியதை உங்களிடம் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சின்னக் கேள்விகள். உடை உங்கள் இஷ்டம். சுடிதார் பேன்ட் செயினில் மாட்டாமல் இருந்தால் போதும், நீண்ட தூரத்துக்கு உள்ளே பேட் வைத்த ஷார்ட்ஸ் போட்டு மேலே எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். ரோடு பைக் இப்போது வேண்டாம். தனியாக ஓட்டுவதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். எனக்கு அது பிடிக்கும், ஆனால் உங்களுக்கு வேண்டியது அது இல்லை. கூட்டத்தோடு போகும் சந்தோஷத்தை மாமல்லபுரம் வரை அனுபவித்துவிட்டுத்தானே இந்தக் கடிதத்தை எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் காலில் குறை இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இது ஜனவரி. நம் கரையில் வடகிழக்குக் காற்று. காலையில் தெற்கே போகும்போது அது முதுகைத் தள்ளும், அன்றைக்கு எல்லோருமே வீரர்கள். அதே காற்று திரும்பும்போது வலப்பக்கம் முன்னாலிருந்து அடிக்கும், வெயில் ஏற ஏற வலுக்கும். நீங்கள் மணிக்கு 22 கி.மீ. வேகத்தில் வரும்போது எதிரே 12 கி.மீ. வேகத்தில் காற்று இருந்தால் உங்கள் நெஞ்சில் மோதுவது 34 கி.மீ. காற்று. சமதளத்தில் சைக்கிள் ஓட்டுகிறவரின் சக்தியில் பெரும்பகுதி காற்றைப் பிளக்கத்தான் போகிறது. இன்னொருவர் சக்கரத்தை ஒட்டி அவர் மறைவில் போனால் அந்த உழைப்பில் ஏறத்தாழ கால்வாசி, நெருங்கிப் போகத் தெரிந்தவர்களுக்கு அதற்கு மேலும் மிச்சமாகும். இப்போது திரும்பும் வழியில் நடந்ததை யோசித்துப் பாருங்கள். வலுவானவர்கள் பதினைந்து பேர் ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவர் ஒளிந்துகொண்டு, முன்னால் இருப்பவரை மாற்றி மாற்றி வைத்து, சுகமாகப் போய்விட்டார்கள். அவர்களைவிட வலு குறைந்த நீங்கள் முழுக் காற்றையும் ஒற்றை ஆளாக வாங்கிக்கொண்டு வந்தீர்கள். அந்த 20 கி.மீ. சொச்சத்தில் அன்றைக்கு ஆளுக்கு ஆள் கணக்குப் பார்த்தால் அதிகம் உழைத்தவர்களில் நீங்களும் அந்தப் பெரியவரும் இருப்பீர்கள்.

அந்த உழைப்புக்குக் கிடைத்தது என்ன? காபி கிடையாது. இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. முன்னால் போனவர்கள் இருபது நிமிடம் உட்கார்ந்தார்கள், குடித்தார்கள், காலை நீட்டினார்கள், சிரித்தார்கள். நீங்கள் வந்த நிமிடம் கிளம்பினார்கள். ஓய்வு தேவையே இல்லாதவர்களுக்கு முழு ஓய்வு, தேவைப்பட்டவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. அடுத்த நிறுத்தத்திலும் இதேதான் நடக்கும், ஏனென்றால் ஓய்வெடுத்தவர் இன்னும் வேகமாகப் போவார், எடுக்காதவர் இன்னும் பின்தங்குவார். இப்படி இரண்டு மூன்று வாரம் நடந்தால் பின்தங்குகிறவர் தானாக நின்றுவிடுவார். அப்புறம் குழுவில் எல்லோரும் ஒரே வேகம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

என் தோழி சொன்ன பதில் இது: "நாங்க காத்திருந்தோமே, விட்டுட்டா போனோம்?" காத்திருப்பதாம். கடைசி ஆள் வரும்வரை அவள் கூட்டம் காபி குடித்தது அவர்களுடைய ஓய்வு. அவர் வந்த பிறகு, அவர் கிளவுஸைக் கழற்றி, முகம் கழுவி, உட்கார்ந்து, சூடாக ஒன்று வாங்கிக் குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தால்தான் அது காத்திருப்பு. ரைடு லீடர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து இந்த ஒன்றை மட்டும் செய்யுங்கள். நிறுத்தத்தின் நேரத்தை முதல் ஆள் வந்ததிலிருந்து எண்ணாதீர்கள், கடைசி ஆளின் கால் தரையில் பட்டதிலிருந்து எண்ணுங்கள். பதினைந்து நிமிடம் என்றால் அவருக்குப் பதினைந்து நிமிடம். முன்னால் வந்தவருக்கு அது நாற்பது நிமிடமாக ஆகட்டுமே, சலிப்பாக இருந்தால் வந்த வழியே திரும்பிப் போய்க் கடைசி ஆளைச் சந்தித்து அவருக்கு முன்னால் காற்றை மறைத்துக்கொண்டு கூட்டிவரட்டும். வேகமான கால்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி என்ன இருக்கிறது? சில குழுக்களில் செய்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். கடைசியில் ஸ்வீப் என்று ஒருவரை வைக்கிறார்கள், அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது, பஞ்சர் என்றால் அவர் நிற்பார். உங்கள் குழுவில் ஸ்வீப் இருந்தாரா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒருவர் இல்லை. அப்படியானால் அன்றைக்கு நடந்தது குழு ரைடே கிடையாது. ஒரே நேரத்தில் ஒரே ரோட்டில் பலபேர் தனித்தனியாக ஓட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கூட்டமாகப் போகும்போது ஒதுங்கிப் போகிற கார், ஒற்றைச் சைக்கிளை உரசிக்கொண்டு போகும். ஒரு பெண்ணை அந்த ரோட்டில் தனியாக விட்டுவிட்டு ஃபில்டர் காபி எப்படி இறங்கியது என்று அந்த லீடரைக் கேட்கவேண்டும்.

வேகமாகப் போக ஆசைப்படுவது தப்பு என்று நான் சொல்லவரவில்லை. வாரத்தில் அவர்களுக்கும் ஒரு காலைதான். அப்படியென்றால் பயிற்சி ரைடு, சராசரி 30, பின்தங்கினால் காத்திருக்கமாட்டோம் என்று முன்பே எழுதிப் போடட்டும், முடிந்தவர்கள் வருவார்கள். 'எல்லோரும் வாருங்கள், ஜாலி ரைடு' என்று அழைத்துவிட்டு 30-இல் இழுப்பதுதான் அநியாயம். பிரான்சில் 1904-இல் தொடங்கிய ஆடாக்ஸ் என்ற நீண்டதூரக் குழு ரைடு முறையில் ரோடு கேப்டன் என்று ஒருவர் உண்டு. அவர் மணிக்கு 22.5 கி.மீ. சராசரியில் குழுவைக் கூட்டிப்போவார், அவரை யாரும் முந்தக்கூடாது. 200 கி.மீ. ஆனாலும் அதே வேகம், நிற்கும்போது எல்லோரும் சேர்ந்து நிற்பார்கள், சாப்பிடும்போது சேர்ந்து சாப்பிடுவார்கள். இன்று நம் ஊரில் நடக்கும் பிரெவே என்ற நீண்டதூர ரைடுகளில் அவரவர் வேகம் அவரவருக்கு, ஆனால் அங்கேயும் 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம் என்ற கெடுவுக்குள் வந்துவிட்டால் எட்டு மணி நேரத்தில் முடித்தவரும் பதின்மூன்று மணி நேரத்தில் முடித்தவரும் ஒன்றுதான், முதலிடம் இரண்டாமிடம் எல்லாம் கிடையாது. உலகத்தின் முரட்டு சைக்கிள்காரர்களே இப்படி யோசித்திருக்கிறார்கள். கோவளம் போய்க் காபி குடிக்கிறவர்களுக்கு எதற்கு இந்த அவசரம்?

எனக்கு இதெல்லாம் பிரான்சிலிருந்து தெரியவந்ததில்லை. நான் புதுக்கோட்டைக்காரி. 1991-இல் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் எங்கள் மாவட்டத்துக்கு வந்தபோது எழுத்தோடு சைக்கிளும் வந்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் ஆட்சியர். படிக்க வந்த பெண்களும் சொல்லிக்கொடுத்த பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். என் அம்மா அறிவொளித் தொண்டர். கீரனூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பெண்கள் சைக்கிள் வாங்க எங்கே போவது, வாடகைக் கடையில் கிடைத்ததை எடுத்து ஓட்டுவார்கள். பெரும்பாலும் ஆண்கள் சைக்கிள், உயரமான பாருடன். அது அவர்களுக்கு வசதியாகவும் இருந்தது, குழந்தையை முன்னால் உட்காரவைக்கலாமே. அம்மா பாரில் ஒரு பழைய துண்டைச் சுற்றி என்னை உட்காரவைப்பாள். துண்டு நகர்ந்து நகர்ந்து கடைசியில் வெறும் இரும்புதான் தொடையில் அழுந்தும். என் காதுக்கு நேர்மேலே அம்மாவின் மூச்சு, கைக்குக் கீழே பிரேக் கம்பி கடகடவென்று ஆடும்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர்க் கூட்டத்துக்கு எல்லோரும் சேர்ந்து போவார்கள். வழியில் கண்மாய்க் கரை மேடு ஒன்று உண்டு. அம்மாவால் மிதித்தே ஏறிவிட முடியும், இன்னும் நாலைந்து பேராலும் முடியும். ஆனால் ஒருத்தி இறங்கிவிட்டால் அத்தனை பேரும் இறங்கிவிடுவார்கள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பேசியபடியே மேடேறுவார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லி நான் கேட்டதில்லை. மேட்டுக்கு அப்பால் புளியமரம். ஒரு அக்கா தூக்குவாளியில் நீர்மோர் கொண்டுவருவார். கடைசி ஆள் வந்து ஸ்டாண்டு போடும்வரை அந்த மூடியைத் திறக்கமாட்டார். நான் தாகம் என்று அழுவேன், "இரு, இன்னும் பெரியம்மா வரலை" என்பார். பெரியம்மாவுக்குத்தான் முதல் டம்ளர். அவர் கல் உடைக்கும் வேலைக்குப் போகிறவர், அறிவொளியில்தான் கையெழுத்துப் போடக் கற்றார், வாரம் முழுக்க உடைத்த கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு கடைசியாகத்தான் வருவார். அவர் வந்தால்தான் அந்தக் கூட்டத்துக்குச் சிரிப்பே வரும். அவரை விட்டுவிட்டுப் போய் மோர் குடிப்பதை அந்தப் பெண்களால் யோசித்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. கார்பன் சைக்கிளும் கையில் ஜிபிஎஸ்ஸும் உள்ளவர்களுக்கு இது பிடிபடவில்லை என்றால் எனக்குக் கோபம் வருகிறது எம்.

சரி, உங்களிடமும் எனக்குக் கோபம் இருக்கிறது. உங்களுக்குப் பின்னால் ஒரு பெரியவர் வந்துகொண்டிருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள், அவர் எப்போது வந்தாரோ தெரியாது என்று அடுத்த வார்த்தையிலேயே விட்டுவிட்டீர்கள். உங்களுக்காவது "வந்துட்டீங்களா" என்று கேட்க ஆள் இருந்தது, அவருக்கு அதுவும் இல்லை. கடை காலியாக இருந்திருக்கும். லீடர் "கிளம்பலாம்" என்றபோது "பின்னால ஒருத்தர் வர்றார், இருங்க" என்று சொல்ல வாய் வரவில்லையா? பாரமாக இருக்கிறோம் என்று வெட்கப்பட்டே உங்களுக்கு நேரம் போய்விட்டது, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க நேரமில்லை. இந்த வெட்கத்தை முதலில் தூக்கி எறியுங்கள். கூட்டாக ஒரு வேலைக்குக் கிளம்பிவிட்டால் அதில் பாரம் என்று யாரும் கிடையாது. அவர் பஞ்சரோடு நின்றிருந்தால்? அந்த வெயிலில் தலைசுற்றி உட்கார்ந்திருந்தால்? குரூப்பிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறியதும் இதே மாதிரிதான். லீடருக்குக் காரணம் தெரியாது, வேலை இருக்கும்போல என்று நினைத்துக்கொள்வார். அடுத்த வாரம் புதிதாக வரும் இன்னொரு பெண்ணுக்கும் அதேதான் நடக்கும்.

கோபம் போதும். அன்றைக்கு எதிர்காற்றில் ஒற்றை ஆளாக வந்து, காபியும் குடிக்காமல் மறுபடி ஏறி மிதித்து, முட்டுக்காடு பாலத்தையும் கடந்து வீடு போய்ச் சேர்ந்திருக்கிறீர்கள். அந்தப் பாலத்தில் காற்று எப்படி அடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதை ஓட்டிய காலுக்கு ரோடு பைக் எதற்கு?

இந்த வாரமே லீடருக்குப் போன் செய்யுங்கள், மெசேஜ் வேண்டாம். நடந்ததை அப்படியே சொல்லுங்கள், பெரியவரின் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். நல்ல மனிதராக இருந்தால் லீடர் பதறிப்போவார், பலருக்கு யாரும் சொல்லாததால்தான் தெரிவதில்லை. மழுப்பினால் விட்டுவிடுங்கள், நீங்களே ஒரு ரைடு போடுங்கள். பெரியவரையும் கூப்பிடுங்கள், இரண்டு பேர் போதும் தொடங்க. சோழிங்கநல்லூர் வழியாக அக்கரை, அங்கிருந்து கோவளம், காலை 5.30. அறிவிப்பின் முதல் வரியில் வேகத்தை எழுதுங்கள்: சராசரி 18, அதற்கு மேல் போகமாட்டோம். ஒரு உபரி டியூப், டயரைக் கழற்ற இரண்டு லிவர், கைப் பம்ப், பின்னால் சிவப்பு விளக்கு இதெல்லாம் உங்களிடமே இருக்கட்டும், அடுத்தவர் பையை நம்பிக் கிளம்பாதீர்கள். பஞ்சர் ஒட்டக் கற்காமல் ரைடு நடத்த வராதீர்கள், அது ஒரு மாலை வேலை. முதல் மாதம் கடைசி ஆளாக நீங்களே ஓட்டுங்கள்.