ரோஜா நிறம் தராது

கேள்வி: என் மகளும் என்னோடு கடலில் பாசி எடுக்க வருகிறாள். வெயிலில் முகம் கறுத்துவிட்டது. அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறார்கள். ரோஜா இதழைக் கொதிக்க வைத்த தண்ணீரில் எலுமிச்சைச் சாறு கலந்து தினமும் பூசினால் நிறம் வருமா?
– வாசகி, மண்டபம்

பதில்: வராது, அம்மா. முதலில் எலுமிச்சையை விட்டுவிடுங்கள். அதன் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளம் எழலாம். ஆறிய பிறகும் கருந்திட்டு மாதக்கணக்கில் நிற்கும். பூசிக்கொண்டு கடலில் இறங்கும் பெண்ணுக்கு இது நேரடிக் கெடுதல்.

ரோஜாவால் குளிர்ச்சி உண்டு, மணம் உண்டு. தோலின் நிறத்தைத் தருவது மெலனின். அதைக் குறைக்கும் வலிமை பன்னீருக்கு இல்லை. குளிர்ச்சிக்காக வேண்டுமென்றால் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் கடைத்தெருவில் வாங்கும் மாலை ரோஜாவில் வேண்டாம். அது மாலைக்கும் கொண்டைக்கும் வளர்த்த பூ. தெளித்த பூச்சிமருந்து ஒரு கழுவலில் முழுதாகப் போகாது. தொட்டியில் மருந்தடிக்காமல் வளர்த்த பன்னீர் ரோஜா கிடைத்தால் மட்டும் எடுங்கள்.

வெறுமனே கொதிக்க வைக்கவும் வேண்டாம். உங்கள் கடலோரத்தில் பல கிணறுகள் உவர்ப்பு. அந்த நீர் வற்ற வற்ற உப்பு செறியும். ஏற்கெனவே கடலுப்பு காய்ந்த முகத்தில் அதையா பூசுவது? ஆவியாக்கி, அந்த ஆவியைக் குளிரவைத்து வடித்தெடுத்தால் உப்பு பாத்திரத்திலேயே தங்கிவிடும். இட்லிப் பானையின் நடுவே ஒரு கல்லை வைத்து, அதன்மேல் கிண்ணத்தை வையுங்கள். சுற்றிலும் இதழ்களைப் போட்டு, அவை மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றுங்கள். மூடியைக் கவிழ்த்து மூடி, மேலே ஐஸ் கட்டிகளைப் போட்டுச் சிறுதீயில் வையுங்கள். ஆவி மூடியில் குளிர்ந்து கிண்ணத்தில் சொட்டும். அதுதான் பன்னீர். கொதிநீரில் கழுவி உலர்த்திய கண்ணாடிக் குப்பியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கெடாமல் காக்கும் பொருள் எதுவும் அதில் இல்லை. முகத்தில் பூசுமுன் முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் பாருங்கள். பாசி எடுக்கையில் பாறை கிழித்த கையில் படவிடாதீர்கள்.

கறுப்பு ஒரு குறையே இல்லை. கடலில் இறங்கி உழைத்துச் சம்பாதிக்கும் பெண்ணை நிறம் பார்த்து எடைபோடுகிறவர்கள் வீட்டுக்கு அவளை அனுப்ப ஏன் இத்தனை பாடு? ஒரு மாதம் பூச்சு பூசிக் காட்டினாலும் கல்யாணத்துக்குப் பிறகும் வெயில் இருக்கும்.

தோல் எரியாமல் இருக்கத்தான் பாதுகாப்பு வேண்டும். விரிந்த விளிம்புள்ள பனையோலைத் தொப்பி, முழுக்கைச் சட்டை, எஸ்.பி.எஃப் (வெயில் தடுக்கும் அளவு) 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். நீரில் நனைந்தால் மறுபடி பூச வேண்டும். இரு கன்னத்திலும் திட்டுத் திட்டாகக் கறுப்பு படர்ந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சீட்டில்லாமல் மருந்துக்கடையில் தரும் சிவப்பாக்கும் கிரீமை மட்டும் வாங்காதீர்கள். பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, நாளடைவில் தோலை மெலியச் செய்துவிடும்.