பல்லும் கண்ணும் இலவசம்

கேள்வி: நியூஜெர்சியில் மகன் வீட்டில் இருக்கிறேன். 67 வயது. கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் இப்போதுதான் முடிந்தது. 65 தாண்டியவர்களுக்கான அரசாங்க மருத்துவக் காப்பீடு மெடிக்கேரிலேயே சேரவா, தனியார் கம்பெனியின் ‘மெடிக்கேர் அட்வான்டேஜ்’ எடுக்கவா? அதில் பல், கண், காது எல்லாம் இலவசம் என்கிறார் ஏஜென்ட்.

பதில்: ‘இலவசம்’ என்று எழுதிவிட்டீர்கள், இனி என்னால் சும்மா இருக்க முடியாது. நமக்குப் போட்டியான ஒரு வார இதழ் ஒரு காலத்தில் அட்டையில் ஷாம்பு பாக்கெட் ஒட்டி வந்தது. கடைக்காரர் பாக்கெட்டைப் பிய்த்துத் தனியாக விற்றார், இதழில் பஜ்ஜி மடித்தார். விற்பனை எகிறிவிட்டதாக அதன் ஆசிரியர் மேடையில் பேச, ‘எண்ணெய்ப் பிசுக்கில்லாத வாசகர் வட்டம்’ என்று இதே பக்கத்தில் எழுதினேன். அன்றிலிருந்து கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால் அவர் வேறு பந்தியில் உட்காருகிறார். ஷாம்பு கசிந்து தொடர்கதையில் ஒரு அத்தியாயமே அழிந்த வாரம்தான் கதை நன்றாக இருந்தது என்று ஒரு வாசகி எனக்குக் கடிதம் போட்டார்.

சரி, அமெரிக்காவில் பல், கண், காது என்ற ஷாம்புக்குக் காசு கொடுப்பது யார்? அரசாங்கம்தான். ஒரு ஆளின் வைத்தியத்தைத் தனியார் கம்பெனி ஏற்றுக்கொண்டால், 1982 சட்டப்படி அரசு அதற்குக் கொடுத்தது, தானே பார்த்தால் ஆகும் செலவில் 95 சதவீதம். மிச்சம் பிடிக்கத்தான் அந்த ஏற்பாடே. 2025-லோ அதே ஆட்களை அரசுத் திட்டத்தில் வைத்திருந்தால் ஆகும் செலவைவிட 20 சதவீதம் கூடுதல் என்றது, அந்நாட்டுக் காங்கிரஸுக்கு ஆலோசனை சொல்லும் மெட்பேக். அந்த வருடத்துக்கு அது போட்ட கூடுதல் கணக்கு சுமார் 8,400 கோடி டாலர். வியாதிப் பட்டியல் நீண்டால் கம்பெனிக்கு வரும் பணமும் கூடும். அதனால் வீடு தேடி நர்ஸ் வருவார், பெரும்பாலும் வைத்தியம் பார்க்க அல்ல, எழுதிக்கொள்ள.

உங்கள் பைக்கு வருவோம். டாக்டர் செலவுக்கான பார்ட் பி பிரீமியம் 2025-ல் மாதம் 185 டாலர். அட்வான்டேஜ் எடுத்தாலும் அதைக் கட்டியாக வேண்டும், ஏஜென்ட் மறந்திருப்பார். நீங்களோ மனைவியோ அங்கே பத்து வருடம் வேலை பார்த்து வரி கட்டவில்லையென்றால் ஆஸ்பத்திரிச் செலவுக்கான பார்ட் ஏ-வுக்கும் 2025-ல் மாதம் 518 டாலர் வரை. அரசுத் திட்டத்தில் டாக்டர் பில்லில் 20 சதவீதம் உங்கள் தலையில், அதற்கு உச்சவரம்பே கிடையாது. அட்வான்டேஜில் உண்டு: கம்பெனியின் டாக்டர் பட்டியலுக்குள் (நெட்வொர்க்) 2025-ல் 9,350 டாலருக்கு மேல் போகாது. நல்ல விஷயம்தான். ஆனால் பெரிய வைத்தியத்துக்கெல்லாம் முன் அனுமதி கேட்டு நிற்க வேண்டும். 2023-ல் மறுக்கப்பட்டவற்றில் எட்டில் ஒரு பங்குகூட அப்பீலுக்குப் போகவில்லை. போனவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் ஜெயித்தன. அப்படியானால் மறுத்தது எதற்காம்?

அரசுத் திட்டத்தில் உங்கள் தலையில் விழும் அந்த 20 சதவீதத்தை அடைக்க மெடிகேப் பாலிசி இருக்கிறது. பார்ட் பி தொடங்கி ஆறு மாதத்துக்குள் கேட்டால் மறுக்க முடியாது. அப்புறம் போனால் உங்கள் சர்க்கரையை, பிரஷரைக் காட்டிக் கதவைச் சாத்தலாம். ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று சட்டம். உங்கள் பக்கம் இல்லை. மகனுக்குக் கட்ட முடியுமென்றால் அரசு மெடிக்கேரும் மெடிகேப்பும் எடுங்கள். பல்லுக்குத் தனியாகச் செலவழியுங்கள்.

அரசு மெடிக்கேர் இந்தியாவில் செல்லாது. சில மெடிகேப் பாலிசிகளில் மட்டும், பயணத்தின் முதல் 60 நாளுக்குள் வரும் அவசர சிகிச்சைக்கு 250 டாலர் கழித்து 80 சதவீதம் கிடைக்கும். ஊரில் நிலத்தகராறு இருந்தால் அதற்குள் முடித்துக்கொண்டு விமானம் ஏறிவிடுங்கள்.