நூறும் நூற்றும்: காதில் விழும் எண் தாளில் இறங்கும் விதம்

நீலகிரியில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக முப்பது ஆண்டுகள் கணக்குக் கற்பித்தவன் என்ற முறையில், எண்களைச் சொல்லக் கேட்டு எழுதுவது பற்றி அன்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கோத்தகிரியிலிருந்து ஒரு தாய்: ஐயா, இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள், 'நூற்று ஐந்து' என்று சொன்னால் 1005 என்று எழுதுகிறாள். அவளுக்கு எண்ணே விளங்கவில்லையோ என்று கவலையாக இருக்கிறது.

கவலை வேண்டாம், அம்மா. கேட்டதை அவள் அப்படியே எழுதியிருக்கிறாள்: நூறுக்கு 100, அதன் பக்கத்தில் ஐந்துக்கு 5. இத்தாலியப் பள்ளிக் குழந்தைகளும் இதே பிழையைச் செய்வதை பவர், தால் மார்தெல்லோ என்னும் ஆய்வாளர்கள் 1990-இல் பதிவு செய்திருக்கிறார்கள். நம் முன்னோரும் நூற்று ஐந்தை ௱௫ என்றும், 2345-ஐ ௨௲௩௱௪௰௫ என்றும், வாயால் சொன்ன வரிசையிலேயே எழுதினார்கள் (௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம்). அதில் சுழியத்துக்கு வேலையே இல்லை. இன்றைய இலக்க முறையில் இடமே மதிப்பைச் சொல்வதால், பேச்சில் ஒலிக்காத ஒரு சுழியத்தைக் குழந்தை தானாக எழுத வேண்டியிருக்கிறது, ஒலித்த நூறின் இன்னொரு சுழியத்தை விட்டுவிடவும் வேண்டியிருக்கிறது. ஏழு வயதுக்கு அது பெரிய வேலை.

இதற்குத் தமிழே ஒரு துணை தருகிறது. 'நூறு' என்று சொல் முடிந்துவிட்டால் இரண்டு சுழியங்களும் நிற்கும். 'நூற்று' என்றோ, வீட்டுப் பேச்சில் 'நூத்தி' என்றோ காதில் விழுந்தால், பின்னால் வரும் எண் அந்தச் சுழியங்களின் மேல் வந்து உட்காரப்போகிறது என்று பொருள். இருபது இருபத்து ஆவதும், ஆயிரம் ஆயிரத்து ஆவதும் இதே அறிவிப்புத்தான். பழைய காலண்டர் அட்டையில் 100 என்று நீளமாக ஒரு துண்டும், 5 என்று ஒற்றை இலக்க அகலத்தில் ஒரு துண்டும் வெட்டி, வலது ஓரங்கள் பொருந்தும்படி ஒன்றின் மேல் ஒன்றை வைத்துக் காட்டுங்கள். என் வகுப்பில் ஒரு சிறுவன் மேல் அட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஜீரோ அடியிலேதான் சார் இருக்கு" என்றான். அதன் பிறகு அவன் 1005 என்று எழுதவில்லை.

பூம்பாறையிலிருந்து ஒரு தந்தை: 'தொள்ளாயிரம்' என்றால் என் மகன் 9000 என்று எழுதுகிறான்.

அந்தச் சொல்லுக்குள் 'ஆயிரம்' ஒலிக்கிறதே, அவன் வேறு என்ன செய்வான்? தொண்ணூறிலும் இப்படித்தான் நூறு ஒலிக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துக் கேட்கவிடாமல், முழுச் சொல்லாகவே 90, 900 என்று மனத்தில் பதியவையுங்கள்.

குன்னூரிலிருந்து ஓர் ஆங்கிலவழிப் பள்ளி ஆசிரியை: 'ஃபோர்டீன்' என்றதும் சில பிள்ளைகள் 41 என்று எழுதுவது ஏன்?

ஆங்கிலத்தில் அங்கே நான்கு முதலில் ஒலிக்கிறது. தமிழின் 'பதினான்கு' பத்தை முதலில் வைப்பதால் எழுத்து வரிசையோடு ஒத்துப்போகிறது. ஜெர்மன் மொழியில் இருபத்து நான்கைக்கூட 'நான்கும் இருபதும்' என்றே சொல்வதால், அங்குள்ள குழந்தைகளுக்கு இந்த இடமாற்றப் பிழை அதிகம். சொல் முழுவதும் முடியும்வரை பென்சிலைத் தாளில் வைக்கக்கூடாது என்ற பழக்கம் உதவும்.

தேயிலைத் தொழிற்சாலையில் எடைக் கணக்கு எழுதுபவர்: தராசடியில் சொல்லச் சொல்ல நாள் முழுதும் சரியாக எழுதுகிறேன், ஆனால் யாருக்கு எத்தனை கிலோ என்று கேட்டால் நினைவில்லை. இது மறதியா?

மறதி அன்று. கேட்ட எண் முதலில் மனத்தில் 'இவ்வளவு' என்ற அளவாக மாறி, அதன் பின்னரே இலக்கமாகிறது என்று மெக்ளோஸ்கி முதலிய ஆய்வாளர்கள் 1980-களில் கருதினார்கள். அளவைத் தொடாமலேயே ஒலியிலிருந்து நேராக இலக்கத்துக்குப் போகலாம் என்று பாரூயே குழுவினர் 2004-இல் விளக்கினார்கள்: பழகிய எண் நினைவிலிருந்து அப்படியே வருகிறது, பழகாதது விதிப்படி துண்டு துண்டாகக் கட்டப்படுகிறது. உங்கள் அனுபவம் பாரூயே குழுவினரின் பக்கமே நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆனால் உள்ளுக்குள் திருப்பிச் சொல்லிக்கொள்ளாவிட்டால், கேட்ட ஒலி சில நொடிகளே மனத்தில் தங்கும். இடையில் ஒருவர் பேச்சுக் கொடுத்தால் 38 எளிதில் 83 ஆகிவிடும். ஆகவே எழுதியதை நினைவிலிருந்து சொல்லாமல், தாளைப் பார்த்து உரக்க வாசியுங்கள். இலை கொண்டுவந்தவர் கேட்டுத் தலையசைத்த பிறகு அடுத்த மூட்டையைத் தராசில் ஏற்றச் சொல்லுங்கள்.