பழைய பின்பால் பலகையைக் காப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மூடப்பட்ட விளையாட்டுக் கூடம் ஒன்றிலிருந்து, 1970களின் இறுதியில் செய்யப்பட்ட அமெரிக்கப் பின்பால் (சரிவான பலகையில் எஃகுப் பந்தைத் தட்டி விளையாடும்) இயந்திரம் ஒன்றை வாங்கியிருக்கிறேன். பந்து ஓடும் பலகை முழுவதும் கறுத்துக் கிடக்கிறது; மரத்தின் போக்கிலேயே மெல்லிய கறுப்புக் கோடுகளும் ஓடுகின்றன. எல்லாவற்றையும் தேய்த்தெடுத்துவிட்டுப் புதிதாக வண்ணம் தீட்டி வார்னிஷ் அடித்துத் தருவதாகப் பெயிண்டர் ஒருவர் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தப் பலகை பல அடுக்கு ப்ளைவுட். அதன் மேல் மேப்பிள் மரத்தின் மெல்லிய தகடு ஒட்டப்பட்டு, அதன் மீது ஒவ்வொரு நிறமாகத் திரை அச்சில் பதிக்கப்பட்டு, கடைசியாக லாக்கர் என்னும் ஒளிபுகும் காப்புப் பூச்சு பூசப்பட்டது. ஒரு முறை தேய்த்தெடுத்துவிட்டால் அந்த அச்சு திரும்பக் கிடைக்காது. எத்தனை அழுக்கேறியிருந்தாலும், மூலச் சித்திரம் எஞ்சியிருக்கும் பலகையே புதிதாகத் தீட்டியதைவிட மதிப்புள்ளது என்பது என் உறுதியான கருத்து.

நீங்கள் பார்க்கும் கறுப்புக் கோடுகள் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்புவதாலும், காய்ந்து சுருங்குவதாலும் வருபவை. மரத்தோடு சேர்ந்து நெகிழ முடியாத பழைய லாக்கரும் வண்ணமும் மரத்தின் போக்கிலேயே வெடிக்கின்றன. ரப்பர் வளையங்களின் தூளும் உலோகத் தூளும் பழைய மெழுகும் அந்த வெடிப்புகளில் இறங்கிக் கறுக்கின்றன. கத்திரி வெயிலில் காய்ந்து ஐப்பசி மழையில் நனையும் சென்னைக் காற்று இதற்கு மிகவும் சாதகமானது. ஆகவே இயந்திரத்தை ஈரம் ஊறும் வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். அறையின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் பெரிதாக ஏறி இறங்காமல் இருப்பதே முக்கியம்.

சுத்தம் செய்வதற்கு முன் ஒவ்வொரு பகுதியையும் புகைப்படம் எடுத்துக்கொண்டு, ரப்பர் வளையங்களையும் பிளாஸ்டிக் மூடிகளையும் கழற்றிவிட்டு, மென்தூரிகையால் தூசியை அகற்றுங்கள். பிறகு, பந்து வந்து விழும் அடிப்பகுதியின் உலோக மூடிக்குக் கீழே, கண்ணில் படாத ஓரிடத்தில் சோதித்துப் பாருங்கள். சிகரெட் லைட்டரில் ஊற்றும் நாஃப்தாவைப் பருத்தித் துணியில் சிறிதளவு நனைத்துத் துடைத்தால் பழைய மெழுகும் எண்ணெய்ப் பசையும் கரைந்து வரும். துணியில் கறுப்பு மட்டுமின்றிச் சிவப்போ நீலமோ ஒட்டினால் உடனே நிறுத்திவிடுங்கள். ஜன்னல்களைத் திறந்து வைத்து, தீயும் மின்பொறியும் அண்டாமல் இதைச் செய்ய வேண்டும். அடுத்து, பிளாஸ்டிக்கை மெருகேற்ற உதவும் நோவஸ் 2ஆம் எண் திரவத்தை உள்ளங்கையளவு இடத்தில் மட்டும் இட்டு, சிறு வட்டங்களாகத் தேய்த்து எடுங்கள். தின்னர் லாக்கரைக் கரைத்துவிடும். கண்ணாடி துடைக்கும் திரவத்திலுள்ள நீர் வெடிப்பின் வழியே மரத்துக்குள் இறங்கும். மெலமைன் ஸ்பான்ஜில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் தேய்த்தால் பலகை பளிச்சென்று வெளுக்கும் என்று பலர் சொல்வது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் லாக்கரின் ஒரு படலம் போய்விடுகிறது, அதற்கடுத்துப் போவது வண்ணம். கோடுகள் முழுவதும் மறையாவிட்டாலும் பாதகமில்லை, விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் இயந்திரத்தின் பலகையில் மைலார் என்னும் ஒளிபுகும் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கிறது. ஓரங்களில் குமிழிட்டு மஞ்சளாகிவிட்டது. உரித்தெடுக்கலாமா?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: படிந்து கிடக்கும் மைலாரைத் தொடாதீர்கள், அடியிலுள்ள வண்ணத்தைப் பந்தின் தேய்மானத்திலிருந்து காத்து வந்தது அதுதான். குமிழிட்ட பகுதியை நீக்கத்தான் வேண்டுமென்றால், முதலில் ஒளிவிளக்குகளுக்கு மேல் பதிக்கப்பட்டுள்ள நிறப் பிளாஸ்டிக் வில்லைகளைக் கவனியுங்கள். வில்லையின் மீதுள்ள எழுத்துகள் பொருக்குவிட்டிருந்தால், அவற்றைப் பிடித்து வைத்திருப்பதே மைலார்தான். உரித்தால் எழுத்தும் கூடவே வரும். வண்ணம் உறுதியாக இருக்குமிடத்தில், கணினித் தூசியை ஊதி அகற்ற உதவும் அழுத்தக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்து அடித்தால் குளிரில் பசை இறுகி நொறுங்கும். அந்த நொடியில் படலத்தை மெல்ல எடுக்கலாம். எஞ்சிய பசையின் மீது கோதுமை மாவைத் தூவி, சில துளி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டு விரலால் உருட்டினால், பசை மாவோடு திரண்டு வந்துவிடும். இங்கும் துளிகள்தான் கணக்கு, ஊற விடக்கூடாது.

கேள்வி: கார் பெயிண்டிங் செய்யும் நண்பர், கார்களுக்கு அடிக்கும் டூ-கே கிளியர் கோட்டையே (கெட்டிப்படுத்தி கலந்து அடிக்கும் நிறமற்ற பூச்சு) பலகைக்கும் அடித்துத் தருகிறேன் என்கிறார். நல்லதுதானா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: முறையாகச் செய்தால் மிக நல்லது, பலகையைக் காக்கும் வழிகளில் இதுவே உறுதியானது. ஆனால் பலகையின் மேலும் கீழும் உள்ள விளக்குகள், மின்காந்தச் சுருள்கள், சுவிட்சுகள் அனைத்தையும் கழற்ற வேண்டும். தாழ்ந்தும் மேலெழுந்தும் நிற்கும் வில்லைகளை மீண்டும் ஒட்டி மட்டமாக்க வேண்டும். மெழுகோ சிலிகானோ துளியளவு எஞ்சியிருந்தாலும் பூச்சு அங்கே மீன்கண்போல் குழிந்துவிடும். அந்தப் பூச்சின் கெட்டிப்படுத்தியில் ஐசோசயனேட் உள்ளது. அது நுரையீரலுக்குக் கேடு. சாதாரணத் துணி முகக்கவசத்தோடு மொட்டை மாடியில் அடிக்கும் வேலையன்று, முறையான சுவாசக் கருவியும் பெயிண்டிங் அறையும் உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும். பூச்சு முழுவதும் இறுக வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டுத் திருகுகளை முறுக்கினால் அவற்றைச் சுற்றிப் பூச்சு விரிசலிடும்.

கேள்வி: எந்த மெழுகு, எத்தனை நாளுக்கு ஒருமுறை?
– வாசகர், தாம்பரம்

பதில்: தேய்ப்புத்தூள் கலக்காத கார்னோபா மெழுகு, ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலுள்ள கார் உதிரிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். வீட்டில் அளவாக விளையாடுகிறவருக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, மெல்லிய பூச்சாகப் போட்டு மெருகேற்றினால் போதும். அதைவிட முக்கியம் பந்து. 27 மில்லிமீட்டர் விட்டமும் ஏறக்குறைய 80 கிராம் எடையும் கொண்ட அந்த எஃகு உருண்டையில் துருப்புள்ளியோ கீறலோ விழுந்துவிட்டால், ஒவ்வோர் ஆட்டத்திலும் அது அரம்போல் வண்ணத்தை அறுக்கும். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். முகம் தெளிவாகத் தெரியாத பந்தை மாற்றிவிடுங்கள்.